நாலு மூலை மஞ்சள்

— இன்னொரு தடவ வாசி சுந்தரி. உங்க அய்யா காதுலயும் விழட்டும்.

— வேணாம் மதினி. சின்னப்புள்ளய எதுக்கு இதுல இழுக்கீக? நாஞ் சொல்றதக் கேளுங்க.

— நீ சொன்னதத்தான் பதிமூணு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன் ராக்கப்பா. எனக்கு எழுத்து தெரியாது. உம் மகளுக்குத் தெரியுதுல்ல? நீ வாசி தாயி.

— “1946, மெட்ராஸ். இருளம்மாளுக்கு உன் புருஷன் கண்ணுச்சாமி எழுதிக்கொண்டது. ஆத்தாள் புண்ணியத்தில் நலம். சண்டை முடிந்து பர்மாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தோம். மாசி பதினெட்டாம் தேதி காலை வண்டியில் விருதுநகர் வந்து இறங்குவேன். நீயும் தம்பியும் ஸ்டேஷனுக்கு வரவும்.” அம்புட்டுத்தான் பெரியம்மா. அய்யா, பெரியப்பா செத்துட்டாருன்னு இதுல எங்கயும் இல்லையே?

— அது வேற கடுதாசித்தா. செத்த சேதி வந்தது வேற.

— ஏலே, இதே கடுதாசிதான். அண்ணன் சண்டையில செத்துட்டாருன்னு இதக் கையில வச்சுக்கிட்டுத்தான் நீ எனக்கு வாசிச்ச. மூலையப் பாரு, மஞ்ச. பட்டாளத்துக்குப் போறப்ப இருக்கன்குடி ஆத்தா கோயில் மஞ்சளப் பொட்டணங் கட்டி நாந்தான் குடுத்துவிட்டேன். நல்ல சேதியா இருந்தா இதத் தடவி அனுப்புங்க, எனக்கு எழுத்து தெரியாட்டியும் மஞ்ச தெரியும்னேன். அன்னைக்கே ஒன்னியக் கேட்டேன், சாவுச் சேதிக்கு எவன் மஞ்சத் தடவுவான்னு. என்ன சொன்ன?

— தபால் பையில கறை பட்டிருக்கும்னேன்.

— தந்தி வரலையேன்னு கேட்டேன்.

— பர்மாவுல கம்பியெல்லாம் அறுந்து கெடக்குன்னேன்.

— நல்லாத்தான் ஞாவகம் வச்சிருக்க.

— இது எங்கன கெடைச்சுச்சு மதினி?

— உம் பொண்டாட்டி பரணை ஒழிச்சு, பழைய தாளையெல்லாம் சாக்குல போட்டு அனுப்பியிருந்தா. தீவாளி ஆர்டருக்கு வெடிக்குழாய் சுருட்டிக்கிட்டு இருந்தேன். பசையத் தடவப் போறேன், மஞ்ச தெரியுது. அன்னைக்கே இத எரிச்சுத் தொலைச்சிருக்கலாமுல்ல?

— எரிக்கத்தான் அடுப்புக்கிட்டப் போனேன். மஞ்சத் தடவுன தாள எரிச்சா குடும்பத்துக்கு ஆகாதும்பாக. கை வரல.

— எங் குடும்பத்த அழிக்க மட்டும் கை வந்துச்சாக்கும்.

— அந்தக் கன்ட்ரோல் காலத்த நெனச்சுப் பாருங்க மதினி. அவரு பாட்டுக்குச் சண்டைக்குப் போயிட்டாரு. நாலு வருசம் கமலை எறைச்சது யாரு? மண்ணெண்ணெய்க்குச் சாத்தூர்ல கால்கடுக்க நின்னது யாரு? அம்மாவ அடக்கம் பண்ணக் கோடித்துணி கெடைக்காம நாயா அலைஞ்சது யாரு? அவரு வந்து பாதிக் கெணறு ஏம்பங்குன்னு கேட்டா நான் எங்க போவேன்?

— நீதான் பாத்த. நான் இல்லேங்கல. ஒரு வாய்க் கூழுன்னாலும் ஒனக்கு ஊத்திட்டுத்தான் நான் குடிச்சேன். எம் புள்ளயாத்தான்லே ஒன்னிய நெனச்சேன். பாதிக் கெணத்துக்கா எந் தாலிய அறுத்த?

— மன்னிச்சுருங்க மதினி.

— மாசி பதினெட்டு. எனக்கு அது எந்த நாளுன்னு தெரியும்ல? கடுதாசி வந்த பதினாறாம் நாளு, கருமாதி விசேசம். ஊருச்சனம் பூரா நடுவீட்டுல கூடி எனக்கு வளையல ஒடைக்குது. நீ மட்டும் காலையிலேயே கெளம்பி, காய்கறி வாங்க விருதுநகர் போறேன்னு போயிட்ட. போயிட்டுச் சாயங்காலம் வெறுங்கையோட வந்த. அழுது அழுது தம்பிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நானே சனத்துக்கிட்டச் சொன்னேன். ஸ்டேஷனுக்கா போன?

— பெரியம்மா, அய்யா அழுகுறாரு.

— அழுகட்டும். எறங்கி வந்த மனுசன்கிட்ட என்னலே சொன்ன?

— நீங்க வாந்திபேதியில போயிட்டீகன்னேன். ஊரெல்லாம் நோக்காடு, இப்ப வர வேணாம்னேன். அங்கனயே ஒக்காந்து மீசைய எடுத்தாரு. நெலமும் கெணறும் நீயே வச்சுக்கடா, இனி அந்த மண்ண மிதிக்க மாட்டேன்னுட்டு அடுத்த வண்டியில ஏறிட்டாரு. கோயமுத்தூர்ல மில்லு வாட்ச்மேனா இருக்காரு.

— இருக்காரா?

— இருக்காரு மதினி. வருசா வருசம் கடுதாசி போடுவாரு. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயி, ஒங்க பேரச் சொல்லி எள்ளுந்தண்ணியும் எறைச்சேன்னு போன மாசங்கூட எழுதியிருந்தாரு.

— சுந்தரி, ஒன் நோட்டுல இருந்து ஒரு தாளக் கிழி.

— என்ன எழுதணும் பெரியம்மா?

— எழுத்து அப்புறம். மொதல்ல மஞ்சக் கிண்ணத்த எடுத்துட்டு வா. நாலு மூலைக்கும் நாந் தடவணும்.

— நீங்கதான் மஞ்சளத் தொட மாட்டீகளே பெரியம்மா?

— எம் புருசன் உசுரோட இருக்காருத்தா. கொண்டா.