சிரிச்சாச்சு

சினிமாக்காரர்கள் 'சிரி' என்றால் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, இன்ஸ்பெக்டர். டோக்கியோவில் எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். கேமராவுக்குள் ஒரு நாற்காலி துருத்திக்கொண்டு தெரிந்தால், 'அதைச் சிரிச்சிடு' என்போம். எடுத்து ஓரமாக வை என்று பொருள். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

இந்த ஒரு வார்த்தையால்தான் இசோகாய் செத்தான் என்று ஃபைலை மூடிவிட்டீர்கள். பெரும்பாலும் சரிதான். மிச்சத்தைச் சொல்லத்தான் நானாக வந்திருக்கிறேன்.

என் பெயர் குகா. வாள்சண்டைத் தொடர்களில் செத்து விழுவது என் தொழில். கதாநாயகன் கத்தியை ஒரு வீச்சு வீசினால் பின்னால் நாலு பேர் சரிவார்களே, அதில் இடது ஓரம் நான். முகம் தெரியாது. முதுகு தெரியும். என் மனைவியாக இருந்தவள் முதுகை வைத்தே என்னைக் கண்டுபிடிப்பாள். பிறகு அவளும் டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நிஷிகோரியை உங்களுக்குத் தெரியும். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்பவள், லீவு நாளில் டைரக்டர். ஒருநாள் என் அறைக்கு வந்து, நான் வறுத்துக் கொடுத்த நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "குகா-சான், உங்களைப் பத்திதான் படம்."

ஆயுள் முழுக்கச் செத்தே பிழைப்பு நடத்தும் ஒரு துணை நடிகன். ஒரே ஒரு காட்சியிலாவது உயிரோடு இருக்க ஆசைப்படுகிறான். தன்னைப் போலவே தேறாத நாலு நடிகர்களைச் சேர்த்துக்கொண்டு தானே படம் எடுக்கக் கிளம்புகிறான். நகைச்சுவைப் படம். கதாநாயகன் பெயர்கூட குகாதான். என் முகம் முதன்முதலாகத் திரையில் தெரியப்போகிறது. அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் வெட்கமில்லை.

மூடிக்கிடந்த ஒரு பொதுக் குளியல் கூடத்தில் வேலையைத் தொடங்கினோம். முதல் நாள் ஒரே ஒரு வரி வசனம் பேச வந்தவன்தான் இசோகாய். மேடையில் ஜோடியாக ஜோக் அடித்துக்கொண்டிருந்தவன். ஜோடி பார்சல் கம்பெனியில் வேலைக்குப் போய்விட, தனியாக நின்றவன். சினிமாப் பேச்சு எதுவும் தெரியாது.

நிஷிகோரி கேமரா பக்கத்திலிருந்து, "இசோகாய்-சான், அந்த நாற்காலியைக் கொஞ்சம் சிரிச்சிடுங்க" என்றாள்.

அவன் நாற்காலி பக்கம் திரும்பினான். மரியாதையாக இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். "ஹா, ஹா, ஹா" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "போதுமா டைரக்டர்? அது திருப்பிச் சிரிக்க மாட்டேங்குதே" என்றான்.

கேமராமேன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன். உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் என் வேடம் அவனிடம் போய்விட்டது.

"கோவிச்சுக்காதீங்க குகா-சான்," என்றாள் நிஷிகோரி. "நீங்க விழுந்தா பாவமா இருக்கு. அவன் விழுந்தா சிரிப்பா இருக்கு." சொல்லிவிட்டுத் தலை தாழ்த்தினாள். நான் அவளைவிட இன்னும் கீழே தாழ்த்தினேன். அவள் சொன்னது நியாயம். என்னை உதவி இயக்குநர் ஆக்கினாள். அவனுக்கு விழக் கற்றுக்கொடுக்கும் வேலையையும் எனக்கே கொடுத்தாள்.

குழுவுக்கு ஓர் உத்தரவும் போட்டாள். "அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு யாரும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க. கெட்டுப்போயிடும்."

அதிலிருந்து தினமும் யாராவது வேண்டுமென்றே சொல்வார்கள். இசோகாய் குடையைப் பார்த்துச் சிரிப்பான். வாளியைப் பார்த்துச் சிரிப்பான். ஒருநாள் கேமராமேன் தின்றுகொண்டிருந்த சோற்று உருண்டையைப் பார்த்துச் சிரித்தான். "டேய், இது செத்துப்போன மீன் வச்சதுடா, துக்க வீட்டுல சிரிக்கலாமா?" என்றான் கேமராமேன். களைப்பு தெரியாமல் வேலை ஓடியது.

விழுவதை நான் ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை.

"சென்பாய், கீழே பாத்தா பயமா இருக்கு," என்பான். என்னை மட்டும் அப்படி மூத்தவனுக்குரிய மரியாதையோடு கூப்பிடுவான்.

"கீழே பாக்காதே. பாத்தா உடம்பு விறைச்சிடும். முதுகைக் கொடு, அப்படியே விட்டுடு."

"மெத்தை இல்லாம போச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல."

அந்தக் கடைசி நாள். குளியல் கூடத்தின் மாடியில் துணி காயப்போடும் மரத்தளம் இருக்கிறதே, அங்கிருந்து அவன் மல்லாக்க விழ வேண்டும். கீழே கல் பாவிய முற்றம். முற்றத்தில் நீல மெத்தை. மெத்தையை ஒட்டி ஓர் இரும்பு ஏணி.

காலையிலேயே என்னிடம் வந்தான். "சென்பாய், அந்த ஏணி ரொம்பக் கிட்ட நிக்குது. தலை இடிச்சிடுமோன்னு இருக்கு. நீங்க பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேன்," என்றேன்.

முதலில் தெருவிலிருந்து கட்டடம் முழுவதையும் எடுத்தார்கள். முற்றமும் தெரியும் என்பதால் மெத்தையைச் சிரிக்கச் சொன்னாள் நிஷிகோரி. கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். அது முடிந்ததும் மாடியில் அவன் விழும் காட்சி. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். மெத்தையைத் திரும்பப் போடுவது என் வேலை. முற்றத்தில் நான் மட்டும்தான்.

ஏணியை எடுத்து உள்ளே வைத்தேன். கொட்டகைக்குப் பின்னால் போய் மெத்தையின் கைப்பிடியைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். கோபம் எதுவும் இல்லை. கை விட்டது. திரும்பி வந்து முற்றத்தில் நின்றேன். மேலே அவன் முதுகு தெரிந்தது. என் வேடத்துக்கு என் அளவில் தைத்த சட்டையின் முதுகு. அவனுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

திரும்பாமலே கேட்டான். "சென்பாய், கீழே ஆச்சா?"

"சிரிச்சாச்சு," என்றேன்.

"நன்றி, சென்பாய்."

கேமரா ஓடியது. விழுந்தான். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, கீழே பார்க்காமல், உடம்பை விறைக்க விடாமல் விழுந்தான். அத்தனை அழகாக நான்கூட விழுந்ததில்லை.

அப்புறம் நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. 'சிரிச்சாச்சு' என்று சொல்லி, மெத்தையை எடுத்துவிட்டேன், இன்னும் போடவில்லை என்று எச்சரித்ததாகச் சொன்னேன். ஒலிப்பதிவில் என் குரல் தெளிவாக இருந்தது. குழு மொத்தமும் அழுதுகொண்டே ஒரே மாதிரி சொன்னது: பாவம், அவனுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது, குகா-சான் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பான். நிஷிகோரி அவன் பெற்றோர் முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்து கிடந்தாள். "நான்தான் சொல்ல வேணாம்னேன். நான்தான் கொன்னுட்டேன்."

அவன் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் படத்தை முடித்தோம். மிச்சக் காட்சிகளில் நான் நடித்தேன். சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்தது. போன ஞாயிறு மதியம் ஒரு சின்னத் தியேட்டரில் போட்டார்கள். விழுவதற்கு முன்பே காட்சியை வெட்டிவிட்டாள். ஆனால் 'சிரிச்சாச்சு', 'நன்றி, சென்பாய்', பிறகு அவன் புன்னகை, அது மட்டும் இருக்கிறது. ஜனங்கள் அங்கே நன்றாகச் சிரிக்கிறார்கள். நிஷிகோரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஒரே ஒரு வார்த்தை, குகா-சான். அதைச் சொல்லிக் கொடுத்திருந்தா அவன் இருந்திருப்பான்," என்றாள். மெலிந்துபோய்விட்டாள். கல்லா வேலைக்கும் போவதில்லையாம். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். தமாஷ் பண்ணுகிறவனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

முதல் நாள் வேலை முடிந்ததும் தெருமுனைக் காபி மெஷின் பக்கத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. "சென்பாய், எல்லாரும் ஏன் அப்படிச் சிரிச்சாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" வேடம் அப்போது இன்னும் என்னுடையது. நல்ல மனதோடு அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்து, "எனக்குத் தெரியும்னு யாருக்கும் சொல்லிடாதீங்க, அவங்க சந்தோஷமா இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டான். அர்த்தம் தெரிந்துகொண்டே தினமும் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான். குழு மொத்தமும் நம்பியது. நீங்களும் நம்பினீர்கள். நல்ல நடிகன்தான்.

எனவே அன்று அவனுக்குப் புரிகிற வார்த்தையில்தான் பதில் சொன்னேன். ஏணியை எடுத்ததைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வான் என்பதும் எனக்குத் தெரியும். அப்படித்தான் எடுத்துக்கொண்டான். நான்தான் அவனைக் கொன்றேன். நிஷிகோரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இன்ஸ்பெக்டர். ஏணியை நான் எடுத்தது நிஜம். மெத்தையை எடுத்ததும் நிஜம். அவனிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.