பதினொரு வீட்டுப் புகை

கலாவதி: கரையான்தான்யா. நானே கண்ணால பாத்தேன்.

சிவானந்தம்: நீங்க சும்மா இருங்கம்மா. உங்க முறை அடுத்தது. தாயம்மா, நீங்க சொல்லுங்க. பொன்வயல் கம்பெனி குடுத்த ரசீது எங்க?

தாயம்மா: கரையான் தின்னுருச்சுங்க.

சிவானந்தம்: ம்... காலையிலேருந்து இந்த மேசைக்கு ஈஜோக் ரோட்டோரத்து ஆளுங்க ஒன்பது பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒன்பது வீட்டு ரசீதையும் கரையான் தின்னிருக்கு. பலகை வீடு அப்படியே நிக்குது. பாய் இருக்கு, கட்டில் இருக்கு. ரசீதை மட்டும் தேடித் தேடித் தின்னிருக்கு.

கலாவதி: எங்க ஊர்க் கரையான் நல்லாப் படிச்சது லா.

சிவானந்தம்: சிரிக்காதீங்க. கம்பெனிகிட்ட காசு வர வேண்டியவங்க லிஸ்டுல பேரு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்கு இந்தப் பெட்டியை மூடி, கோலாலம்பூருக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவேன்.

கலாவதி: நாலு மணி பஸ்ஸை விட்டா எங்களுக்கும் ஊரடங்குதான்யா. சட்டுனு எழுதிக் குடுங்களேன்.

சிவானந்தம்: எழுதலாம். ஆனா எதுக்கு எழுதுறோம்னு தெரிஞ்சாதான் ஒழுங்கா எழுத முடியும். தாயம்மா, இந்த மைக்கூடு உங்க வீட்டு கிராண்டுனு வச்சுக்குங்க. வீட்டு மனைப் பத்திரம்.

தாயம்மா: சரிங்க.

சிவானந்தம்: இந்தப் பேனா, வட்டிக்குக் குடுத்த செட்டியார்.

கலாவதி: செட்டியார் இவ்வளவு ஒல்லியா?

சிவானந்தம்: ...கிராண்டை அவர்கிட்ட அடகு வச்சீங்க. அறுநூறு வெள்ளி குடுத்தார். அதை அப்படியே கம்பெனிக்கார அர்ஜுனன் கையில குடுத்தீங்க. தோட்டத்தைத் துண்டு போட்டு விக்கிறாங்க, நான் வாங்கி வித்து மாசம் பன்னெண்டு வெள்ளி லாபம் தர்றேன், செட்டியார் வட்டியும் நானே கட்டுறேன்னு சொன்னான். சரியா?

தாயம்மா: அஞ்சு மாசம் குடுத்தானுங்க. தேதி தவறல.

சிவானந்தம்: தவறாது. உங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் கிராண்டு வச்சுக் குடுத்த காசுலேருந்துதான் உங்களுக்கு லாபம் வந்துச்சு. அவருக்கு அதுக்கடுத்த வீட்டுலேருந்து. அடுத்த வீடு தீந்துபோன மாசம் கம்பெனியும் தீந்துபோச்சு. தோட்டம்னு ஒரு ஏக்கர்கூட வாங்கல.

கலாவதி: அப்ப எனக்கு வந்த பன்னெண்டு வெள்ளி...

சிவானந்தம்: உங்க அடுத்த வீட்டுக் காளியண்ணன் காசா இருக்கலாம்.

கலாவதி: பாவம், அவருக்குத்தான் தீவளிக்கு நான் முறுக்கு குடுத்தேன்.

சிவானந்தம்: இப்ப கேளுங்க. கம்பெனியில மிஞ்சினது ரெண்டு லோரி, ஒரு கடை வீடு, பேங்குல கொஞ்சம் காசு. எல்லாத்தையும் வித்துக் கூட்டி, குடுக்க வேண்டியவங்களுக்குப் பிரிச்சா ஒரு வெள்ளிக்கு நாப்பது காசு தேறும். உங்க அறுநூறுக்கு இருநூத்து நாப்பது. அதைச் செட்டியார்கிட்ட கட்டுனா மிச்சத்தை மாசம் பத்து வெள்ளியா மூணு வருஷத்துல வாங்கிக்கிறேன்னு அவர் ஒத்துக்கிட்டார்.

தாயம்மா: லிஸ்டுல பேரு இல்லாதவங்களுக்கு?

சிவானந்தம்: வீடு ஏலத்துக்கு வரும்.

தாயம்மா: ...அடகு வச்சது லேண்ட் ஆபீஸ் புத்தகத்துல இருக்குமுங்களே. அது போதாதுங்களா?

சிவானந்தம்: நல்ல கேள்வி. ஒன்பது பேருல ஒருத்தரும் கேக்கல. பாருங்க, லேண்ட் ஆபீஸ் புத்தகத்துல இருக்கிறது மைக்கூடும் பேனாவும் மட்டும்தான். நீங்க கடன் வாங்குனதுக்குச் சாட்சி. வாங்குன காசு கம்பெனிக்குப் போச்சா, நீங்க மகளுக்கு நகை செஞ்சு போட்டீங்களான்னு அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அந்த ஒரு படிக்கு ரசீதுதான் சாட்சி. கம்பெனி ரசீதோட அடிக்கட்டைப் புத்தகம் இருந்தாலாவது பாக்கலாம்... அர்ஜுனன் ஓடுறப்ப அதை ஆத்துல போட்டுட்டுப் போயிட்டான்.

கலாவதி: நாங்க குடுத்தோம்னு சத்தியம் பண்றோம்யா. மாரியம்மன் கோயில்ல வேணும்னாலும்.

சிவானந்தம்: ரசீது இல்லைன்னா சத்தியம்தான் வழி. மாஜிஸ்ட்ரேட்டு முன்னாடி. நான் எழுதுறதைப் படிச்சுக் காட்டுவாங்க, நீங்க கைநாட்டு வைப்பீங்க. ஆனா கம்பெனிக்கு லோரி வித்தவங்களுக்கும் இதே பானையிலேருந்துதான் பங்கு. உங்க பேரு ஒண்ணு அடிபட்டா அவங்க பங்கு கூடும். அவங்க லாயர் முதல்ல கேக்கப் போறதே ரசீது எங்கன்னுதான். பதினொரு பேரும் கரையான்னா, பதினொரு பேரும் கூடிப் பேசி வந்த பொய்யுன்னு அத்தனை பேரையும் ஒரே கோட்டுல அடிச்சிருவார்.

தாயம்மா: அத்தனை பேரையுமா?

சிவானந்தம்: அத்தனை பேரையும்.

கலாவதி: கரையானை விடுங்க, வெள்ளம்னு போட்டா?

சிவானந்தம்: கலாவதி.

கலாவதி: சரி, சரி.

தாயம்மா: எரிச்சுட்டோம்ங்க.

கலாவதி: அக்கா...

தாயம்மா: விடும்மா. வீடு போயிரும்னு சொல்றாங்கல்ல.

சிவானந்தம்: எப்ப எரிச்சீங்க?

தாயம்மா: பட்டாளம் வந்து வீடு வீடா சோதனை போட்டுச்சே, அன்னிக்கு. கம்பெனி நல்லா நடந்துக்கிட்டிருந்த நேரம். ரோட்டுல லோரி சத்தம் கேட்டுச்சு. மதியம் ரெண்டு மணி இருக்கும்.

சிவானந்தம்: கம்பெனி ரசீதை எதுக்கு எரிக்கணும்? அதுல என்ன தப்பு?

தாயம்மா: மெல்லிசுக் காகிதம்ங்க. மேல சீன எழுத்து. கீழ ரவுண்டா செவப்பு முத்திரை.

கலாவதி: கிள்ளான்ல ஒரு சீன அச்சுக்கூடத்துல மலிவா அடிச்சு வாங்கியிருக்கான், அர்ஜுனன்.

சிவானந்தம்: அதனால?

தாயம்மா: காட்டுக்காரங்க, அதான் அந்தக் கம்யூனிஸ்டுக்காரங்க, சந்தா வாங்கிட்டுக் குடுக்கிற சீட்டும் அச்சு அசலா அதே மாதிரிதான் இருக்கும். பட்டாளத்துக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே.

சிவானந்தம்: ...இருங்க. காட்டுக்காரங்க சீட்டு எப்படி இருக்கும்னு உங்களுக்கு...

கலாவதி: கேள்விப்பட்டதுதான்யா. பத்தாங் பெர்ஜுந்தையில பேசிக்கிட்டாங்க.

சிவானந்தம்: நான் அவங்களைக் கேட்டேன்.

தாயம்மா: இதையும் எழுதுவீங்களாங்க?

சிவானந்தம்: சரி. பேனாவை மூடி வச்சுட்டேன், பாருங்க. இந்தப் பாரத்துல, ரசீது ஏன் இல்லைன்னு ஒரு கட்டம் இருக்கு. கூட வேற என்ன எரிச்சீங்கன்னு கட்டம் இல்ல. இல்லாத கட்டத்தை ரொப்ப எனக்குச் சம்பளம் குடுக்கல. சோதனைக்குப் பயந்து, சீன எழுத்து இருந்த காகிதத்தை எரிச்சுட்டோம்னு எழுதுறேன். அது உண்மைதானே?

தாயம்மா: உண்மைங்க.

கலாவதி: அப்பாடி. எழுதுங்கய்யா, பஸ்ஸுக்கு நேரமாவுது.

சிவானந்தம்: முடியல. லாயர் விடமாட்டார். ஒரே நாளு, ஒரே நேரம், பதினொரு வீடு. பதினொரு பேருக்கும் ஒரே நிமிஷத்துல எப்படிப் பயம் வந்துச்சு? யார் சொல்லி எரிச்சீங்க? இதுக்குப் பதில் இல்லைன்னா கரையான் கதையும் இதுவும் ஒண்ணுதான்.

தாயம்மா: நான்தான் சொன்னேன்.

சிவானந்தம்: பத்து வீட்டுக்கும்?

தாயம்மா: பின்பக்கமா ஓடி, ஒவ்வொரு கதவா தட்டிச் சொன்னேன். கம்பெனி ரசீது ஆபத்து, எரிச்சுருங்கன்னு.

சிவானந்தம்: நீங்க மட்டும் ஏன் அவ்வளவு பயந்தீங்க?

தாயம்மா: நாங்க பால்மரம் வெட்டுற ஆளுங்கய்யா. விடியறதுக்கு முந்தியே சோறாக்கி அடுப்பை அணைச்சுருவோம். மதியம் ரெண்டு மணிக்கு எங்க வரிசையில ஒரு வீட்டுலயும் புகை இருக்காது. ஒரு வீட்டுல மட்டும் புகை வந்தா...

சிவானந்தம்: பட்டாளம் நேரா அங்கதான் வரும்.

தாயம்மா: பதினொரு வீட்டுலயும் வந்தா, ஏதோ பூசை நாளுன்னு நெனப்பான்.

சிவானந்தம்: அப்ப உங்க வீட்டுல எரிக்க வேண்டியது...

தாயம்மா: இருந்துச்சு. வீட்டுக்காரரு செத்தப்புறம் மரத்தடியில வந்து நின்னு கேட்டாங்க. மாசம் ஒரு வெள்ளி. குடுக்கலைன்னா நான் வெட்டுறதுக்கு எழுதிக் குடுத்த மரத்தையெல்லாம் கொத்திப் போட்டுருவோம்னாங்க. அப்புறம் வேலை வாங்குற மண்டோர் எங்கிட்டல்ல கேப்பாரு. குடுத்தேன். அவங்க குடுத்த சீட்டையும் கம்பெனி ரசீதையும் ஒரே டின்னுல போட்டு வச்சிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எது எதுன்னு பிரிக்க நேரமில்ல. மொத்தமா போட்டுட்டேன்.

கலாவதி: அக்கா, போதும்.

தாயம்மா: இதை எழுதுங்கய்யா. அவங்க பத்து பேரும் என் பேச்சைக் கேட்டு எரிச்சவங்க. அவங்க வீட்டுல கம்பெனி ரசீதைத் தவிர வேற ஒரு துண்டுக் காகிதம் இல்ல. நான் சொன்னதாலதான் அவங்க இன்னிக்கு வீடு போற நிலைமையில நிக்கிறாங்க.

சிவானந்தம்: எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமா? கோர்ட்டுக்குப் போற காகிதம் இது. யாரு கேட்டாலும் எடுத்துப் பாக்கலாம். மத்தா மத்தா, போலீசுக்காரங்க பாத்தா, விசாரணையே இல்லாம உள்ள வச்சிருவாங்க. காட்டுக்குக் காசு குடுத்ததுக்குக் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்புறாங்க.

தாயம்மா: தெரியுமுங்க. போன வருஷம் எங்க தோட்டத்து நாராயணசாமியை அனுப்புனாங்க.

சிவானந்தம்: அங்க உங்களுக்கு யாரு இருக்கா?

தாயம்மா: யாருமில்ல. நான் பொறந்ததே இங்க, கெர்லிங் பக்கம்.

சிவானந்தம்: அப்புறம் எதுக்கும்மா?

தாயம்மா: பத்து வீடு தங்கும்லங்க. இவ வீட்டுல மூணு புள்ளைங்க.

சிவானந்தம்: ...உங்களை நம்புறேன். ஆனா உங்க வார்த்தையை மட்டும் வச்சு இதை எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் ஆமான்னு சொல்லணும். கலாவதி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தாயம்மா வந்து சொன்னதுனாலதான் நீங்க எரிச்சீங்களா? உங்க வீட்டுல இருந்தது கம்பெனி ரசீது மட்டும்தானே?

கலாவதி: அக்கா, அன்னிக்கு நீங்க முதல்ல தட்டுனது என் கதவைத்தான். உள்ள அடுப்பு எரிஞ்சதைப் பாத்துட்டு, என்னடி இந்நேரத்துலன்னு கேட்டீங்க. தேத்தண்ணி வைக்கிறேன்னு சொன்னேன்.

தாயம்மா: ஆமா. வச்சுக்கிட்டிருந்த.

கலாவதி: அன்னிக்கு எங்க வீட்டுல ஒரு பொட்டுத் தேத்தூள் இல்லக்கா. என் மரத்தடியிலயும்தான் வந்து நின்னாங்க... மாசம் ஒரு வெள்ளி. அய்யா, யார் சொல்லி எரிச்சீங்கன்னு கேட்டா, யாரும் சொல்லலைன்னு எழுதுங்க. அக்கா வந்து கதவைத் தட்டுறதுக்கு முந்தியே என் அடுப்புல காட்டுச் சீட்டு, கம்பெனி ரசீது ரெண்டு காகிதமும் எரிஞ்சு சாம்பலாயிருச்சு.