வேளை தவறாத ஊசி

எனக்கு மென்மையான கை என்று திண்டிவனத்தில் பெயர், சார். குழந்தைகள்கூட என்னிடம் அழாமல் ஊசி போட்டுக்கொள்ளும்.

டாக்டர் அரங்கநாதனின் நர்சிங் ஹோமில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். 2007-இல் அவர் வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்க ஆரம்பித்தார். வலி விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். துளை போட்ட இடத்தில் மரப்பு மருந்து விடுவார். வயிற்றில் நிரப்பிய வாயுவை அழுத்தி வெளியேற்றுவார். "அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் வலி ஊசி. பேஷண்ட் முனகக்கூடாது, சூசை மேரி" என்பார்.

அந்த ஆகஸ்டில் பித்தப்பைக் கல்லோடு காந்திமதி வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. 1993-இல், விழுப்புரம் பக்கம் ஒரு பிரசவ வார்டில், பதினெட்டு மணி நேரம் அவர் பொறுப்பில் கிடந்தேன். தொடையில் அறைந்து, "இன்னாத்துக்குக் கத்திக்கினு கெடக்கற? புருசங்கிட்ட போசொல்ல இனிச்சுதா?" என்றார். டாக்டரைக் கூப்பிடவில்லை. பெண் குழந்தை. நீலமாக வந்தது, மூச்சில்லை.

காந்திமதிக்கு ஆபரேஷன் முடிந்ததும், எழுதியிருந்த ஊசியை வேளை தவறாமல் போட்டேன். மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சிரிஞ்சில் உப்புத் தண்ணீரை ஏற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு மருந்துகூட நான் திருடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சிஸ்டர், ஊசி கேக்கவே இல்லியே. தோள்பட்ட வரைக்கும் இழுக்குது" என்றார்.

"வாயு வலிங்க. பொறுத்துக்குங்க" என்றேன். மரியாதையாகத்தான் பேசினேன்.

பதினெட்டு மணி நேரம் ஆனதும் நிஜ மருந்தைப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனது. போடவில்லை.

மறுநாள் அவர் வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. உள்ளே பித்தநீர் கசிகிறது என்று எனக்குப் புரிந்தது. சார்ட்டில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த டாக்டர் போனில் விசாரித்தார். "கொஞ்சம் செல்லம் சார். சும்மா அழுதுக்கினு இருக்காங்க" என்றேன். பதினோரு வருடத்தில் நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. நம்பினார்.

மூன்றாம் நாள் டாக்டர் திரும்பி வந்து பார்த்துப் பதறிப்போய் புதுச்சேரிக்கு அனுப்பினார். ஆம்புலன்சில் நானும் போனேன். பாதி வழியில் காந்திமதி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு பிடி தளர்ந்தது. கூட வந்த அவர் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள், முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஊசியை மாற்றியவள் நான். காய்ச்சலை மறைத்தவளும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், சார். ஒரு நோயாளியை வருத்துவது என் சுபாவத்திலேயே கிடையாது.