ராக்கெட்ஸின் இரண்டாவது கிட்டார்

— மெதுவாக் கதை, பிள்ளை. அவன் குசினிக்கதான் நிக்கிறான்.

— கேக்காது அந்தோனி அங்கிள். காது மெஷினைக் கழட்டி டிவி மேல வச்சிட்டுத்தான் மணியம் அங்கிள் தே தண்ணி கலக்கப் போயிருக்காரு, அங்க பாருங்க. நீங்க சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. அவரு கிட்டார் வயரை நீங்க வெட்டுனீங்களா?

— நான் வெட்டேல்லை. வெட்டினது ஐயாசாமி, எங்கட ட்ரம்மர். அவன் செத்து நாலு வருசம். அவனுக்குத்தான் கரண்ட் வேலை தெரியும். பிளக்குக்கு உள்ளுக்க இருக்கிற கம்பியை நறுக்கிப்போட்டு, திரும்ப மூடி வைச்சான். வெளியால பாத்தா புது வயர்.

— வெட்டச் சொன்னது யாரு?

— அது வந்து... லீடர் எண்டு ஒருத்தன் இருந்தா சில முடிவு எடுக்கத்தான் வேணும், விளங்குதா?

— ஐயோ, அங்கிள்!

— என்ன ஐயோ? நீ அவன் வாசிச்சதைக் கேட்டிருக்கிறியோ? கேட்டிருந்தா நீயே கத்தியை எடுத்துத் தந்திருப்பாய். லாபிஸில ஒரு கலியாண வீடு. இவன் ஒருக்கா கிட்டாரைத் தட்டினான். மாப்பிள்ளையின்ர தாய் எழும்பி, ஆரப்பா பூனையை மிதிச்சது எண்டு கேட்டா.

— அவ்ளோ மோசம்னா பேண்ட்ல சேர்க்காமலே இருந்திருக்கலாமே?

— சேர்க்காமலோ! அம்ப்ளிஃபையர் ஆற்றை? அவன்ர அப்பாவின்ர. மைக்? அவன்ர அப்பாவின்ர. சாமான் ஏத்துற வான்? அதுவும் அவர்ட. சிகாமட்டில லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட ஒரே கடை அவன்ர அப்பாவின்ர கடை. இவனை நிப்பாட்டினா, சிகாமட் ராக்கெட்ஸ் எண்டு பேர் வைச்சுக்கொண்டு நானும் ஐயாசாமியும் பஸ் ஸ்டாண்டில பால் டின் தட்டிக்கொண்டு நிக்க வேண்டியதுதான்.

— அதுக்காக வயரையா?

— ஒரே அம்ப்ளிஃபையர், ரெண்டு ஓட்டை. என்ர நல்ல வயர் ஒண்டில, அவன்ர செத்த வயர் மற்றதில. சத்தம் வாறது ஒரே பெட்டியால. எந்தக் கிட்டார் பேசுது எண்டு ஆருக்குத் தெரியும்? அவன் எல்லாம் தன்ர கை எண்டு நினைச்சுத் தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பான். சனம் கை தட்டும். அவனுக்கும் சந்தோசம், எங்களுக்கும் நிம்மதி.

— எத்தனை நாளைக்கு இந்த நிம்மதி?

— ரெண்டு வருசம். அறுபத்தெட்டில சிங்கப்பூர் போய் அந்த நாலு பாட்டை ரெக்கார்ட் பண்ணினமே, அதுவரைக்கும். அது இனி ஆற்றை கண்ணிலயும் படாது எண்டு நிம்மதியா இருந்தன். முன்னூறு தட்டு அடிச்சது. பாதி வெள்ளத்தில போச்சு, மிச்சம் எங்க போச்சோ. நீ எங்க பிள்ளை இருந்து அதைத் தோண்டி எடுத்தாய்?

— காஹாங்ல, ஒரு டைலர் கடையில. ரவிக்கைக்குப் பின்கழுத்து வட்டம் போட அந்த ரெக்கார்டைத்தான் வச்சு சோக்குல வரைஞ்சிட்டிருந்தாங்க. சோக்குத் தூளைக் கழுவி எடுக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

— பார்த்தியே. அம்பத்தாறு வருசம் எங்கட கலை காஹாங் பொம்பிளையளின்ர முதுகில இருந்திருக்கு. அங்கயே இருந்திருக்கலாம். இப்ப உன்ர கம்ப்யூட்டர் வந்து என்ர தலையில கல்லைப் போடுது.

— கம்ப்யூட்டர் என்ன பண்ணும், பாவம். பாட்டுல இருக்குற ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியா பிரிச்சுக் குடுக்குது, அவ்ளோதான். ட்ரம்ஸ் வந்துச்சு. கிட்டார் ஒன்னு வந்துச்சு. ரெண்டாவது கிட்டாரைத் தேடுனா இல்லவே இல்ல. பத்து தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்.

— அதோட நிப்பாட்டினியளோ? சனிக்கிழமை ஜேபி டவுனில விழா எண்டு சொல்லி, மேசையில மூண்டு பொத்தான். ஒவ்வொண்டிலயும் ஒருத்தன்ர பேர். அமத்தினா அவன் வாசிச்சது மட்டும் தனியாக் கேக்குமாம். ஆற்றை யோசனை இது?

— நான் வேலை செய்ற சிங்கப்பூர் கம்பெனியோட யோசனை. பழைய ரெக்கார்டைத் திருப்பி வெளியிடுறப்போ வர்றவங்களுக்கு ஜாலியா இருக்கட்டும்னு.

— ஜாலி! மணியம் நாப்பது பேருக்கு பஸ் பிடிச்சிருக்கிறான், தெரியுமா? இந்தத் தாமான் வீடுகள் முழுக்க வருது. கோட் தைக்கக் குடுத்திருக்கிறான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், பேரப்பிள்ளையளைப் பக்கத்தில நிப்பாட்டி, தன்ர பேர் போட்ட பொத்தானை அமத்துவான். ஒரு சத்தமும் வராது. திரும்ப அமத்துவான். வராது. நாப்பது பேர் அவன்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பினம். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்குதில்லை, பிள்ளை.

— அப்போ நீங்களே உண்மையைச் சொல்லிடலாமே. இவ்ளோ வருசம் ஆச்சு, சிரிச்சுட்டுப் போயிடுவாரு.

— பாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில ஒருக்காச் சொன்னனான். அவர் சிரிச்சார். கூண்டுக்குள்ள இருந்து வெளியால வந்தும் சிரிச்சார். மணியம் சிரிக்க மாட்டான். என்ர மனிசி ஆஸ்பத்திரியில கிடந்த மூண்டு மாசமும் தினம் தினம் என்னைக் குளுவாங்குக்குக் கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன். ஒரு நாளும் அலுத்துக்கொண்டானில்லை. அவனைப் பாத்து, உன்ர கிட்டாரைச் சாகடிச்சது நான்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

— சரி சரி, கண்ணைத் தொடைங்க. இப்போ நான் என்ன செய்யணும்?

— இருக்கிற கிட்டாரை ரெண்டா வெட்டு. கொஞ்சத்தை எடுத்து அவன்ர பேருக்குப் போடு.

— செய்யலாம். எவ்ளோ கொஞ்சம்?

— கீழ்த் தந்தி ரெண்டிலயும் வாறது. சும்மா டிங்... டிங்... எண்டு.

— அவ்ளோதானா? நாப்பது பேரு பஸ் ஏறி வர்றாங்க, அங்கிள்.

— சரி, காற்பங்கு. அதுக்கு மேல கேளாதை, பாட்டு கெட்டுப்போகும்.

— அங்கிள், ஒன்னு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் கிட்டார் உங்களோடதுதானா? நல்லாத் தெரியுமா?

— என்ன கேள்வி பிள்ளை இது? பெத்த தாய்க்குத் தன்ர பிள்ளை அழுகிற சத்தம் தெரியாதோ? அண்டைக்கு என்ர விரலில ஏதோ இறங்கிட்டுது. ரெண்டாவது பாட்டில வேர்வைக்கு விரல் வழுக்கி மூண்டு நோட்டு விட்டனான். விட்டது எனக்கு வடிவாத் தெரியும். ஆனா ரெக்கார்டில போட்டுப் பார், ஒரு நோட்டும் விடுபடேல்லை! கோடி அற்புதர் அந்தோனியார், அவர் செய்த புதுமை. விளங்குதா?

— ...விளங்குது, அங்கிள்.

— அதுக்குப் பிறகு அப்பிடி வாசிக்க எனக்கு வரேல்லை. அதையும் சொல்லிப்போடுறன். ஆறு மாசம் முயற்சி பண்ணினன். ரெக்கார்டைப் போடுவன், கூட வாசிப்பன். திரும்பப் போடுவன், திரும்ப வாசிப்பன். கிட்டவும் போக முடியேல்லை. கடைசியில கிட்டாரை வித்துப்போட்டு அரசாங்க கிளார்க் வேலைக்குப் போனன். என்னையே என்னால எட்டிப் பிடிக்க முடியேல்லை எண்டா அதுக்கு மேல என்ன செய்யிறது? ...வாறான், வாறான். சிரி.

— என்னாடா அந்தோனி, அந்தப் புள்ளையைப் புடிச்சு வச்சுக் குசுகுசுன்னு? கறிபாப் சூடா இருக்கும்மா, எடுத்துக்க. கோவிலுக்குப் போயிருக்கு என் வீட்டுக்காரி கிருஷ்ணம்மா. அதனால தே என் கைப்பக்குவம். சீனி பத்தலன்னு சொல்லாதீங்க, டாக்டர் எனக்குக் குடுத்த அளவுதான் இந்த வீட்டுல எல்லாருக்கும்.

— காது மெஷினைப் போடடா!

— போட்டுட்டேன் லா, கத்தாத. எங்கப்பா லவுட்ஸ்பீக்கர் வாயிலயே என்னைத் தூங்க வச்சு வளர்த்தாரு, அதான் இந்தக் காது. லோஷினி, நீ சுத்தம் பண்ண பாட்டைப் போடும்மா. கேப்போம்.

— இந்தாங்க மணியம் அங்கிள். ரெண்டாவது பாட்டு.

— அலமாக்! சோக்குத் தூளுக்குள்ள இதுவா இருந்துச்சு? டேய், கேளுடா! இந்த எடத்துல ஏறுது பாரு... ஏறுது... ஏறி நிக்காம அப்படியே சறுக்கி எறங்குது பாரு! என்னா வாசிப்புடா!

— சும்மா இரடா. பெருசாச் சொல்லாதை.

— என்னா சும்மா இரு? அந்தக் காலத்துல ஜொகூர்ல இப்படி ஒரு கை எவனுக்கு இருந்துச்சு, சொல்லு பாப்போம். விரலு எப்படி ஓடியிருக்கணும்னு யோசிச்சுப் பாரும்மா. ஒரு வருசமாச்சும் ராவும் பகலும் உக்காந்து பழகியிருந்தாத்தான் இது வரும்.

— நான் அப்பிடிப் பழகேல்லை. தானா வந்தது.

— தானா வந்துச்சா?

— ஓம், தானா.

— சரி லா. தானா வந்துச்சு. நீ மேதைடா.

— உன்ர கிட்டாரும் கேக்குதடா மணியம். கீழால, டிங் டிங் எண்டு.

— கேக்குதா? எனக்கு இந்த மெஷின்ல புடிபடலையே. உனக்குக் கேக்குதாம்மா?

— சனிக்கிழமை நல்லாக் கேக்கும், அங்கிள்.

— அது போதும். டேய், மேசையில பொத்தானை மொதல்ல நீ அமுக்கு. லீடர் நீதான்.

— இல்லை, நீ அமத்து.

— நீ அமுக்குடா.

— ரெண்டு பேரும் ஒன்னா அமுக்குங்க, அங்கிள். எனக்கு நேரமாச்சு. அந்தோனி அங்கிளை லாபிஸ்ல விட்டுட்டுத்தான் நான் ஜேபி போகணும்.

— கறிபாப்பைப் பொட்டலம் கட்டித் தர்றேன், காருல சாப்புடுங்க. அந்தோனி, தலையைப் பார்த்துக் குனிஞ்சு ஏறுடா.

— சரி மணியம், வாறன்.

— சீட் பெல்ட், அங்கிள்.

— போட்டாச்சு. பாத்தியே பிள்ளை, எப்பிடிப் புகழுறான் எண்டு? நெஞ்சில ஒரு துளி பொறாமை இல்லை. நான் எண்டா இப்பிடிப் புகழுவனோ?

— தெரியல அங்கிள். புகழுவீங்களா?

— மாட்டன். அதுதான் சொல்லுறன். காற்பங்கு எண்டு சொன்னனே, அதை மூண்டில ஒண்டாக்கு.

— ஓகே.

— இல்லை, பாதி குடு. சரிபாதி.

— நிஜமாவா? கலை கெட்டுப் போகாதா?

— கெட்டுப்போகட்டும்! இன்னும் ஒண்டு. ரெண்டாவது பாட்டில ஏறுற அந்த இடம் இருக்கெல்லோ, அதை அவன்ர பேருக்குப் போட்டுவிடு.

— அங்கிள், அதுதான் அந்த ரெக்கார்டுலயே பெஸ்ட் எடம். உங்களுக்கு உசுரு இல்ல அது?

— எனக்கு அது அம்பத்தாறு வருசம் இருந்தது. போதும். சனிக்கிழமை அவன்ர பேரப்பிள்ளையள் அதைக் கேட்டுக் கை தட்டட்டும். நானும் நிண்டு தட்டுறன். நெஞ்சு கொஞ்சம் எரியும்தான், பரவாயில்லை. கறிபாப்பில ஒண்டு எடுத்துத் தா.

— ஓட்டிட்டு இருக்கேன், நீங்களே எடுத்துக்குங்க. லாபிஸ் வரப் போகுது.

— உன்ர போன் அடிக்குது. மணியமெண்டு காட்டுது.

— ஐயோ, வேணாம், கார்ல அது தானா எடுத்துரும்—

— லோஷினியா? நான்தாம்மா மணியம். அவனை எறக்கி விட்டுட்டியா?

— அங்கிள், நான் அப்புறமாக் கூப்புடுறேன். இப்போ ஸ்பீக்கர்ல—

— நீ என்னா சொல்றேன்னு கேக்கல. மெஷினைக் கழட்டிட்டேன். பதில் பேச வேணாம், நான் சொல்றதை மட்டும் கேட்டுக்க.

— இதை எப்படி நிறுத்துறது... சே, சத்தம் கூடுது!

— விடு பிள்ளை. என்னதான் சொல்லுறான் எண்டு கேப்பம்.

— போன வாரம் உன்கிட்ட சொன்ன அதே விசயம்தாம்மா. அந்தோனிக்குத் தெரியவே கூடாது. இன்னைக்கு அவன் மூஞ்சி பூரிச்சதைப் பார்த்தியா? நல்ல பாகம் எல்லாத்தையும் அவன் பேருக்கே போட்டுரு. எனக்குச் சும்மா டிங் டிங் போதும். பஸ்ல வர்ற சனத்துக்கிட்ட நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்குறேன்.

— கடவுளே. வயர் கதை அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, பிள்ளை! எப்ப இருந்து?

— அங்கிள், ப்ளீஸ், கொஞ்சம் அமைதியா இருங்க. மணியம் அங்கிள்! மணியம் அங்கிள்!

— செத்த வயருன்னு ரெண்டாவது மாசமே கண்டுபுடிச்சேன் லா. லவுட்ஸ்பீக்கர் கடைக்காரன் மவனுக்கு வயரு தெரியாதா? கோவமா வந்துச்சு. ஆனா நான் வாசிச்ச லட்சணமும் எனக்குத் தெரியும்ல. அதான் ஒரு வருசம் கடைக்குப் பின்னால உக்காந்து, அவன் வாசிக்கிற அத்தனையையும் ஒன்னு விடாமப் பழகினேன். சிங்கப்பூர்ல ரெக்கார்ட் பண்ண அன்னைக்கு அவன் முகம் கழுவப் போனான். அந்த நேரத்துல ரெண்டு கிட்டார்லயும் வயரை மாத்திச் சொருகிட்டேன். பாட்டு முடிஞ்சதும் சொல்லிச் சிரிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா ரெக்கார்டைப் போட்டுக் காட்டினதும், இது என் கையாடா, இது என் கையாடான்னு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாம்மா. அப்படி அழறவன்கிட்ட, இல்லடா, அது என் கைன்னு எப்படிம்மா சொல்றது?