வீரகத்தியின் பேரன்

நாகமுத்துப் பத்தரின் ஊசியில் ஒரு பிழையும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சுடுதண்ணீரில் போட்டெடுத்து, வேப்பெண்ணெய் தடவித்தான் குத்தினார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். முப்பது வருஷமாக வற்றாப்பளை அம்மாளாச்சி கோவில் பொங்கலில் காது குத்துகிற மனிதர் அவர். பிள்ளை செத்த ஆத்திரத்தில் சனம் அவரை அடித்ததும், நீங்கள் அவரை மறியலில் அடைத்து வைத்திருப்பதும் அநியாயம். அதைச் சொல்லத்தான் கிளிநொச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன்.

யார் செய்தது என்பதையும் சொல்கிறேன். ஆனால் நான் வாத்தியார். விலங்கியல் படிப்பிக்கிறவன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும். அந்தக் கடதாசியைப் பிறகு பாருங்கள், இப்போது மேசையில் இருக்கட்டும்.

அப்பா செத்த பிறகு அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் குடியேற்றக் காணியில் இருந்தோம். நான், தங்கச்சி கமலாசனி, கடைக்குட்டித் தம்பி. தம்பிக்கு எட்டு வயது. தட்டுப்பட்டால் போதும், அவனுக்கு உடம்பு நீலமாகக் கன்றிவிடும். பல் விழுந்தபோது ஒரு கிழமை இரத்தம் நிற்கவில்லை. அம்மாவின் தம்பியும் சின்ன வயதில் அப்படித்தான் செத்தாராம். அதனால் அம்மா அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தா.

1950ஆம் ஆண்டு ஆடி மாதம், பக்கத்துக் காணி வீரகத்தியின் தோட்டத்தில் அவன் ஒரு வெள்ளரிப்பழம் பிடுங்கினான். வீரகத்தி பூவரசங்கம்பு முறித்து நாலு அடி அடித்தார். வேறு பிள்ளை என்றால் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கும். தம்பி மூன்றாம் நாள் செத்தான். முதுகும் வயிறும் கறுத்துப்போயிருந்தன.

ஊர்த் தலைமைக்காரர், விதானையார், வந்து விசாரித்தார். வீரகத்தி சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாலு அடிக்கு ஆரும் சாவினமோ? உவன்ரை ரத்தம் அழுகின ரத்தம். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

விதானையார் ஓம், சரிதான் என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் அம்மாவும் போய்விட்டா. எனக்கு அப்போது இருபது வயது. அந்த மனிதனை நான் வெறுத்தேன் ஐயா. சாப்பிடும்போதும் வெறுத்தேன், கோவிலில் கும்பிடும்போதும் வெறுத்தேன்.

ஆசிரியர் கலாசாலையில்தான் அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. பரம்பரை பற்றி ஒரு அதிகாரம். சதுரம் போட்டால் ஆண், வட்டம் போட்டால் பெண், கறுப்படித்தால் நோயாளி. இரத்தம் உறையாத நோயைத் தாய்தான் சுமக்கிறாள், அவளுக்கு ஒன்றும் செய்யாது, அவள் பெறும் ஆண்களில் பாதிப்பேரை அது பிடிக்கும் என்று எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்தை அப்படியே வரைந்து பார்த்தேன். அம்மாவின் தம்பி கறுப்பு. என் தம்பி கறுப்பு. நான் வெள்ளை, என் பிள்ளைகளுக்கு என்னால் வராது. கமலாசனியின் வட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதிக்குப் பாதி. பென்சிலால் அரைவாசிக்கு நிழல் அடித்து வைத்தேன்.

மேசையில் இருப்பது அந்தக் கடதாசிதான்.

தம்பி செத்து ஏழு வருஷம் கழித்து வீரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நின்றபடியே தன் ஒரே மகன் அப்புத்துரைக்குக் கமலாசனியைக் கேட்டார்.

"நான் உங்கடை வீட்டுக்கு ஒரு குறை செய்தவன், தம்பி. பிள்ளையை என்ரை மகளாய் வைச்சிருப்பன். சீதனம் ஒண்டும் வேண்டாம்."

இரங்கினாயா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தச் சொல் விதானையாருக்கு முன்னால், அம்மா உயிரோடு இருந்தபோது வந்திருக்க வேண்டியது. அவர் பேசிக்கொண்டிருக்க, நான் அந்த அரைவாசி வட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகின இரத்தம் என்றாரே, அது அவருடைய வீட்டுக்குள்ளேயே ஓடினால் என்ன என்று நினைத்தேன்.

சாதகம் பார்த்தார்கள், பத்தில் எட்டுப் பொருத்தம். தம்பியின் நோயைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் பயம் இருக்கவில்லை. "அது ஆம்பிளையளின்ரை வருத்தம், பெட்டைக்கு அதிலை என்ன" என்று வீரகத்தியின் மனைவி விமலேஸ்வரி சொன்னா. ஊரே அப்படித்தான் நம்பியது. கமலாசனி மட்டும் ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, தம்பிக்கு வந்தது என்ரை பிள்ளையளுக்கும் வருமோ?"

"வராது, பிள்ளை" என்றேன். அவள் சந்தோஷமாகச் சோறு போட்டாள்.

அந்த நேரத்தில் அது முழுப்பொய்யும் இல்லை ஐயா. வராமலும் போகலாம். அதை அம்மாளாச்சியிடம் விட்டேன்.

முதலில் ஒரு பெண். வீரகத்திக்கு மனம் ஆறவில்லை. குடியேற்றத் திட்டக் காணியைத் துண்டு போட முடியாது, ஒருவர் பெயரில்தான் விடலாம். அவருக்குப் பேரன் வேண்டும். ஆண் பிள்ளை பிறந்தால் வற்றாப்பளையில் காது குத்துகிறேன் என்று நேர்ந்தார். பேரனும் பிறந்தான். எட்டாம் மாதம் தவழத் தொடங்கியபோது இரண்டு முழங்காலிலும் நீலக் கன்றல் வந்தது. கமலாசனி அதை எனக்குக் காட்டினாள். தவழுகிற பிள்ளைக்கு அது வரும்தான் என்றேன். வீட்டுக்குப் போய்க் கடதாசியில் அவளுடைய வட்டத்தை முழுதாக நிழலாக்கினேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமனின் மடியில் இருக்க வேண்டும். நாள் குறிப்பதும் மாமனைக் கேட்டுத்தான். வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் குத்தியிருக்க மாட்டார்கள், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். வீரகத்தி வந்து கேட்டார். இந்த வைகாசிப் பொங்கலே நல்ல நாள் என்றேன்.

பொங்கலன்று காலை ஒன்பது மணி இருக்கும். பிள்ளை என் மடியில் இருந்து என் மணிக்கூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். தலையை நான்தான் பிடித்தேன். பத்தர் இரண்டு காதும் குத்தினார். பத்து நிமிஷத்தில் நிற்க வேண்டிய இரத்தம் மத்தியானமும் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், திருநீறு வைத்தார்கள்.

"அண்ணை, முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குக் கொண்டு போவம்" என்று கமலாசனி என் கையைப் பிடித்தாள். காரில் போனால் ஆசுபத்திரி அங்கிருந்து அரை மணித்தியாலம்கூட இல்லை.

"அம்மாளாச்சி முன்னாலை குத்தினது, பயப்பிடாதை. வீட்டை போக நிண்டிடும்" என்றேன். படித்தவன் சொன்னால் கேட்பார்கள். வாடகைக் காரைக் கிளிநொச்சிப் பக்கம் திருப்பச் சொன்னதும் நான்தான். அடுத்த நாள் பின்னேரம் பிள்ளை செத்தது.

செத்தவீட்டில் வீரகத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "என்ரை கை, அண்டைக்கு அடிச்ச கை" என்று தன் வலக்கையை நிலத்தில் குத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வருஷம் அதற்குத்தான் காத்திருந்தேன். பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆகவே பத்தரை விடுங்கள். குற்றமில்லாத ஒருவர் அடிபடுவதை என்னால் பொறுக்க முடியாது. கமலாசனிக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை. அவளில் எனக்கு நல்ல விருப்பம். அவளுடைய மூத்தவளை வளர்ந்த பிறகு யாருக்கும் கட்டிக்கொடுக்க முதல் அந்தக் கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள். அவளுடைய வட்டமும் அரைவாசிதான்.

பிள்ளையின் பெயரா? வீரகத்தியின் பேரன் என்று எழுதினால் போதாதா?

சரி, எழுதுங்கள். குணராசா. ஓம் ஐயா, தம்பியின் பெயர்தான். கமலாசனி வைத்தது என்று நினைப்பீர்கள். அவள் இல்லை. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபோது வீரகத்தி எழும்பி, சபையில் எல்லாருக்கும் முன்னால், "அந்தப் பேர் இந்த வீட்டிலை நடமாடட்டும்" என்று சொன்னார். கமலாசனி அழுதுகொண்டு அவர் காலில் விழுந்தாள். பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தார்கள், மாமன் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று.

நான் கூப்பிடவில்லை. இருமல் வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்குக் கூப்பிட்டிருந்தால் பிறகு அவனை மடியில் வைத்துத் தலையைப் பிடித்திருக்க என்னால் முடிந்திராது.