தூரத்து மரம்

எனக்கு டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். உங்களுக்குச் சொந்த ஊர் சித்தூர் என்பதால் தமிழ் தெரியும் என்றார்கள். அது பெரிய உதவி. தமிழில் விளக்கினால்தான் எனக்கு விளக்கியது போல இருக்கும்.

வின்ச் என்பது ஓர் உருளை, அதில் சுற்றிய எஃகுக் கயிறு, உருளையைத் திருப்ப ஒரு மோட்டார். எங்களுடையது கையில் தூக்கிப் போகிற வகை. மரத்தில் அகலமான பெல்ட்டைச் சுற்றி அதில் வின்ச்சை மாட்டி, கயிற்றின் கொக்கியைச் சேற்றில் சிக்கிய வண்டியில் போட வேண்டும். மின்சாரம் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து. ஒரு பக்கம் வண்டி விடாது, மறுபக்கம் மரம் விடாது. அத்தனை இழுவையையும் வாங்கிக்கொண்டு கயிறு பேசாமல் நிற்கும். எவ்வளவு தாங்குகிறது என்று வெளியே தெரியவே தெரியாது.

என் கணவர் தினேஷைப் பற்றிக் கேட்டீர்கள். என்னை அடித்ததில்லை. குடிப்பதில்லை. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் ஸ்பூனை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் தட்டுவார், பள்ளிக்கூட மணி மாதிரி. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மணி அடிக்கும். “ப்ரொஃபசரம்மாவுக்கு பீரியட் ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் உக்காருங்க” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் ஒரு கம்பெனியில் கிரேன்களை வடிவமைக்கிறவள். அங்கே நான் பேசினால் எழுதிக்கொள்வார்கள்.

எங்கள் மகள் சுபாஸ்ரீ சின்ன வயதில் வாயைத் திறந்தாலே கேள்விதான். லிஃப்ட் ஏன் விழுவதில்லை, குக்கர் எப்படி விசில் அடிக்கிறது. அப்புறம் கேட்பது குறைந்து, நின்றே போனது. போன மாதம், பத்தாவது முடித்தவள் இன்டர்மீடியட்டில் என்ன எடுப்பது என்று பேச்சு வந்தது. பிசிக்ஸைப் பற்றி நான் ஒரு வாக்கியம் சொல்லியிருப்பேன். டம்ளர் சத்தம் கேட்டது. தினேஷின் கையில் பேப்பர் இருந்தது. தட்டியது அவள்.

“நக்கோ மம்மி, க்ளாஸ் மத் லோ” என்றாள், வேண்டாம், க்ளாஸ் எடுக்காதே என்று, ஹைதராபாத் இந்தியில். தினேஷ் சிரித்துக்கொண்டே அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்கு வந்தது கோபம். அதற்கு வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. எனக்கு அடித்த மணியையெல்லாம் தாங்கினேன். அந்த ஸ்பூனை என் பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஷாமீர்பேட்டையைத் தாண்டி, பாதி வற்றிய ஏரிக்குள் ஜீப்பை இறக்கினார். மேலே காய்ந்த மண், கீழே களி. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டீயரிங்கில் விரலால் மணி அடித்தார். வண்டி வயிறுவரை இறங்கிவிட்டது. நல்ல வேளையாக அவர் நண்பர் ரயான், மாரெட்பள்ளிக்காரர், தன் காரைக் கரையிலேயே நிறுத்தியிருந்தார்.

கொக்கியை வண்டியின் அடிச்சட்டத்து வளையத்தில் போட வேண்டும். அது சேற்றுக்குள் கிடந்தது. கை அழுக்காகுமே என்று, “இதுலயே மாட்டிக்கறேன்” என்று பம்பர் கார்டைத் தட்டிக் காட்டினார் தினேஷ். அது அழகுக்காக வாங்கியது. இரண்டு போல்ட்டுகள்தான் அதற்குப் பிடிமானம். களியில் வயிறு பதிந்த வண்டியை அசைக்க அதன் எடையைவிட அதிகமாகக்கூட இழுக்க வேண்டிவரும். “அந்த கார்டு...” என்று ஆரம்பித்தேன்.

“சாரு, வாயை மூடிட்டு பட்டனை அமுக்கு. அது போதும்.”

இரண்டையும் செய்தேன்.

ரயான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். தினேஷ் கயிற்றுக்குப் பக்கத்தில், பாதி வழியில் நின்று “ரானீ, ரானீ” என்று, வரட்டும் வரட்டும் என்று தெலுங்கில் கத்திக் கையை ஆட்டினார். கார்டு வளைவதைப் பார்த்தேன். விரலை எடுத்தால் வின்ச் நின்றுவிடும். இழுபட்ட கயிறு தன்னிடம் சேர்ந்ததை ஒரே நொடியில் திருப்பிக் கொடுக்கும். கார்டு பெயர்ந்து மரத்தை நோக்கி வந்தது. வழியில் அவர் இருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. விபத்து என்று எழுதினீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சும்மா இருந்தேன், அவ்வளவுதானே.

கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போடுவது வழக்கம்; பிய்த்துக்கொண்டு வந்தால் வேகத்தைக் குறைக்கும். அன்று அதை மடித்து சுபாஸ்ரீக்கு உட்காரக் கொடுத்தேன், ரயானின் காருக்குப் பின்னால். பானெட்டையும் மறைப்பாகத் தூக்கி வைத்தேன். பட்டன் இருந்த ரிமோட்டின் ஒயர் அதுவரை வந்தது.

நேற்று அவள் என்னிடம் வந்தாள். “மம்மி, பக்கத்துலயே வேப்பமரம் இருந்துச்சே. ஏன் தூரத்து மரத்துல கட்டினே?” தமிழிலேயே கேட்டாள், சார். எத்தனை காலத்துக்கு அப்புறம் ஒரு ‘ஏன்’.

தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்து வந்தேன். நூல் நிறைய இருந்தால் கண்டு பருமன். மோட்டாரின் இழுவை குறையும். நூலை விட விடக் கண்டு மெலியும். அதே மோட்டார் அதிக பலத்தோடு இழுக்கும். வேப்பமரம் என்றால் பாதிக் கயிறு உருளையிலேயே இருந்திருக்கும், மோட்டார் திணறி நின்றிருக்கும். தூரத்து மரம் என்றால் முழு பலம். போதாததற்கு, நீளமான கயிறு அதிகம் நீண்டு அதிக சக்தியைச் சேர்த்து வைக்கும்.

குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை அவள். டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கடைசியில், “அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள்.

“எல்லாம் தெரியும்டா கண்ணா” என்றேன்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு போன் செய்திருக்கிறாள். எனக்கு வருத்தமில்லை. என் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். நூல்கண்டையும் கையோடு கொண்டுவந்து உங்களுக்குக் காட்டினாள் என்கிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், சார். எந்தச் சுற்றில் இழுவை அதிகம் என்று சரியாகச் சொன்னாளா?