ஒரு குடிசை, ரெண்டு அடுப்பு

— என்ற அடுப்பு மேல உன்ற சட்டிய வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? எடு மொதல்ல!

— உன் அடுப்பா? அந்தக் கல்லெல்லாம் தோள்ல சொமந்துட்டு வந்தவன் எவன்?

— கல்லு உன்றதுன்னா கடிச்சுத் தின்னுக்க. நெருப்பு நான் மூட்டினது.

— ஏய் வடிவு, வாயை அடக்கு, டீச்சர் நிக்கறாங்க—

— நிக்கட்டும், கேக்கட்டும், இந்த ஆளோட ஒரு பொம்பளை எப்படி—

— போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க! ஒரே நேரத்துல கத்தினா நான் யாரோடதை எழுதறது? நாலாங் கிளாசுப் பசங்க தேவலை. லீவு நாளும் அதுவுமா வீட்டுக்கணக்கு எடுக்கப் போங்க செலின் டீச்சர்னு என்னை அனுப்பிட்டாங்க. ஒவ்வொருத்தரா. முனிராஜ், நீங்க சொல்லுங்க. இந்தக் குடிசையில எத்தனை அடுப்பு?

— ரெண்டு, டீச்சர். வாசப்பக்கம் இருக்கறது என்னது, உள்ள இருக்கறது அவளோடது. மூணு மாசமா நான் வேற, அவ வேற.

— உங்க அடுப்புல கரியே இல்லையே? நேத்து வெச்ச கல்லு மாதிரி இருக்கு.

— நான் மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவன். பாதி நாள் ஓட்டல்லயே தின்னுட்டு வந்துடுவேன். பிடுங்க டீச்சர், விடுங்க, அதெல்லாம் எதுக்கு.

— எப்படி விட முடியும்? அடுப்பு ஒண்ணுன்னா குடும்பம் ஒண்ணு, கவர்மெண்ட் தர்ற வீடும் ஒண்ணு. அடுப்பு ரெண்டுன்னா வீடு ரெண்டு. ஆபீஸ்ல ரூல் அப்படி. ஆனா ஒத்தை ஆளுக்கு வீடு கிடையாது. உங்க அடுப்புல உங்ககூட யாரு சாப்பிடறாங்க?

— எங்கம்மா வள்ளியாத்தாள். வயசு அறுபத்தஞ்சு. எழுதிக்கங்க.

— இப்போதைக்குப் பென்சில்ல எழுதறேன். அவங்களே வாயால சொல்லி, ரேகை வெச்சாத்தான் பேனா. எங்க அவங்க?

— குழாயடியில தண்ணிக்கு நிக்கறாங்க.

— அங்கயே போய்ப் பார்த்துக்கறேன். வடிவு, உங்க அடுப்புல?

— நானு, என்ற புள்ள அஷ்வினி.

— அப்ப நீங்க புருஷனை விட்டுப் பிரிஞ்சவங்க. உங்களுக்குத்தான் மொதல்ல வரும், உங்க பேர்லயே. எந்த மாதிரி வீடு வேணும்? வெறும் சைட் வாங்கிக்கலாம். கக்கூஸும் குழாயும் வெச்ச சைட் இருக்கு. இல்லன்னா கூரை போட்ட ஒரு ரூம், பின்னால கூட்டிக் கட்டிக்கலாம். மாடி வீடும் இருக்கு.

— எனக்கு வெறும் சைட் போதும் டீச்சர்.

— வெறும் மண்ணை வெச்சுக்கிட்டு என்ன செய்வீங்க முனிராஜ்?

— மெதுவா கட்டிக்குவேன்.

— எனக்கு ரூமு எழுதுங்க டீச்சர். கதவு போட்டுத் தருவாங்களா?

— தருவாங்க.

— போன தடவை மாதிரி நஞ்சன்கூடு ரோட்டுல கொண்டுபோய்க் கொட்டிர மாட்டாங்களே?

— இல்லம்மா. இப்ப ஊருக்குள்ளயே பிளான் போட்டிருக்காங்க. மார்க்கெட் இருக்கற தேவராஜ மொஹல்லாவுக்கு நடந்தே வரலாம். ஒரே தெருவுல பெரிய பங்களாவும் இருக்கும், உங்க ரூமும் இருக்கும். பங்களாக்காரங்க ஒத்துக்கலை. மனு குடுத்திருக்காங்க, இவங்க பக்கத்துல வேண்டாம்னு.

— அவங்க ஊட்டு எச்சப் பாத்திரம் நான் கழுவலாமா? அது பக்கமில்லையா?

— அதை அவங்ககிட்டத்தான் கேக்கணும். இன்னொண்ணு, வீட்டைப் பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது.

— சேச்சே! விக்கறதாவது. யாராவது விப்பாங்களா டீச்சர்?

— வித்துட்டு மறுபடி இங்கயே வந்து நிக்கறவங்களைக் காலையிலேருந்து பாத்துட்டுத்தான் வரேன். எனக்கே வாடகை வீடு, நான் ஊருக்கெல்லாம் வீடு எழுதறேன். அம்மாகிட்ட ரேகை வாங்கிட்டு வந்து கார்டு தரேன். அதுவரைக்கும் அடிச்சுக்காம இருங்க.

— டீச்சர் போயிட்டாங்களா?

— குழாயடிக்குப் போயிட்டாங்க. அடேயப்பா வடிவு, என்ன சண்டைடீ! நிஜமாவே அறைஞ்சிடலாம்னு கை வந்திருச்சு எனக்கு.

— நீங்கதானுங்க சொன்னீங்க, நீ வா போன்னு பேசு, அப்பத்தான் நம்புவாங்கன்னு.

— ஆயித்து, வேலை முடிஞ்சுது! ரெண்டு வீடு. ஒண்ணுல நாம இருப்போம். இன்னொண்ணுக்கு ஆள் ரெடி, நம்ம ரத்தினசாமி மேஸ்திரி.

— ஆள் ரெடின்னா?

— சைட் எனக்கு எதுக்கு? கார்டு கைக்கு வந்ததும் அவர்கிட்டத் தள்ளிட வேண்டியதுதான். பத்து வருஷக் கதையெல்லாம் அவர் பாத்துக்குவார்.

— அது அஷ்வினிக்குன்னு சொன்னீங்களே. முந்தாநேத்து அந்தக் கல்லை நட்டப்பக்கூடச் சொன்னீங்க.

— ஒம்பது வயசுக் குழந்தைக்கு வீடா? பிடு.

— தொண்ணூத்திரண்டுல சைட் குடுத்தாங்க. சீட்டை வித்து மோட்டார் சைக்கிள் வாங்கினீங்க. அந்த வண்டி இப்ப எங்கீங்க?

— அது ஊரா? இருபது கிலோமீட்டர்! மார்க்கெட்டுல நாலு மணிக்கு லோடு இறங்கும், மொதல் பஸ் ஆறரைக்கு. நான் பறந்தா வருவேன்? நீயும்தானே அங்க உக்காந்து அழுதே, பாம்பு வருது, தண்ணி இல்லைன்னு.

— அழுதேன். விக்கச் சொன்னேனா? நான் அழுதுட்டு இருக்கறப்ப நீ சீட்டை எடுத்துட்டு ஓடிப்போட்டே.

— டீச்சர் போயாச்சு. இன்னும் எதுக்கு நீ வா போன்னு பேசறே?

— வாயில வந்திருச்சு. வந்தது இருக்கட்டும். உன்ற கார்டை எவனுக்கு வேணும்னாலும் குடு. என்ற கார்டை நீ தொடக் கூடாது.

— தொட்டா என்ன பண்ணுவே? உன் பேர்ல இருந்தா உன்னோடதாகிடுமா? ரெண்டு கார்டும் என் ஜேப்புலதான் இருக்கும். மேஸ்திரி ரெண்டையும் கேட்டா ரெண்டையும் குடுப்பேன்.

— ரெண்டையுமா!

— இந்தக் குடிசை எங்கயும் ஓடிப்போயிடாது.

— ஓடாது, மெதக்கும். மழை வந்தா முழங்கால் மட்டும் சாக்கடை. கட்டில் மேல அத்தை, அத்தை மடியில என்ற புள்ள. நான் விடிய விடியத் தண்ணி மொண்டு ஊத்துவேன். நீ ஓட்டல் பெஞ்சுல காலை நீட்டிப் படுத்திருப்பே. உனக்கென்ன, குடிசைன்னு சொல்றதுக்கு?

— அம்மாவை இதுல இழுக்காதே. அவங்க என் பக்கம். எங்க வெக்கச் சொன்னாலும் கண்ணை மூடிட்டு ரேகை வெப்பாங்க. போன சீட்டு விக்கறப்பவும் வெச்சாங்களே.

— வெச்சாங்க. அப்புறமேட்டுக்கு நாலு நாள் சோறு எறங்கலை அவங்களுக்கு. உனக்குத் தெரியுமா அது?

— சும்னே கதை கட்டாதே. பசிக்குது, சோத்தைப் போடு.

— அந்தா இருக்குதே உன்ற அடுப்பு. ஆக்கித் தின்னு.

— ஏய்! திமிரா?

— கையை இறக்கு. டீச்சர் வர்றாங்க.

— வாங்க டீச்சர், வாங்க. அம்மாகிட்ட ரேகை வாங்கியாச்சா?

— வாங்கியாச்சு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் பேனாவால எழுதினேன். அவங்க சாப்பிடறது மருமக அடுப்புலயாம், ரேகையும் வடிவு கார்டுலதான் வெச்சிருக்காங்க. உங்க கார்டுல அந்த எடம் காலியா இருக்கு முனிராஜ், உங்ககூட இருக்கறவங்கன்னு யார் பேரை எழுதட்டும்?